புரண்டு படுக்க

"புரண்டு படுக்க ரொம்ப ஈசியா இருக்குங்க சார், லேடெக்ஸ்ல அதான் மொத சவுகரியம்" என்று சொல்லிவிட்டு அந்தக் கடைப்பெண் அடுத்த சவுகரியத்துக்குப் போய்விட்டாள். தண்டபாணியால் கூடவே போக முடியவில்லை. புரண்டு என்ற சொல்லில் அவன் மனசு வேலி முள்ளில் வேட்டி மாட்டியதைப் போல நின்றுவிட்டது. நாற்பத்தொன்பது வயசுவரை புரண்டிருக்கிறான், ஒரு தடவையாவது அதைத் தான் செய்ததாக நினைவில்லை. அது தானாக நடப்பது. இடது தோள் அழுந்தினால் வலப்பக்கம், வலது காது சூடானால் இடப்பக்கம், தூங்குகிற ஆளைக் கேட்டுக்கொண்டா உடம்பு திரும்புகிறது. அதற்கென்று ஒரு சவுகரியம் வேண்டும், அதற்கென்று ஒரு மெத்தை செய்வார்கள், அதை விற்கத் திருச்சி ரோட்டில் குளுகுளுவென்று ஒரு கடை இருக்கும் என்றெல்லாம் அவன் எப்போது நினைத்துப் பார்த்தான். "ஸ்பிரிங் மெத்தை இந்த மோட்டார் கட்டிலுக்கு ஆகாதுங்க, தலைப்பக்கம் தூக்கறப்ப வளையாது. தேங்காநார் மெத்தை மடிப்புல ஒடஞ்சு போகும். மெமரி ஃபோம் வளையும், ஆனா ஆளு உள்ள முங்கிருவாங்க, அப்புறம் புரளக் கஷ்டம்." மறுபடியும் அதே சொல். அந்தப் பெண்ணின் சட்டையில் ஜெசிந்தா என்று பெயர் குத்தியிருந்தது. நல்ல முகம், தலையில் இரண்டு நரை, நாளெல்லாம் நின்று பழகிய கால். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பாள், எத்தனை பேர் புரள்வதைப் பற்றிக் கவலைப்படாமல் நிறத்தைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். பக்கத்துத் தடுப்பில் புதுத் தாலிக்கயிறு மஞ்சள் கலையாத ஒரு பெண்ணும் அவள் புருஷனும் ஒரு மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து, அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எந்த மெத்தையும் சரிப்படும். தண்டபாணி பார்வையைத் திருப்பிக்கொண்டான். அவன் மனைவி சாந்தாமணி மட்டும் குக்கர் வாங்கும்போது கேட்கிற அதே கவனத்தோடு தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாதிரிக்கு வெட்டி வைத்திருந்த லேடெக்ஸ் துண்டை எடுத்து, உள்ளங்கையால் அழுத்தி, விட்டு, அது எழும்பி வருவதைப் பார்த்தாள். ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி பொடிப்பொடி ஓட்டைகள். முகர்ந்து பார்த்தாள். "ரப்பர் வாசம் வருதுங்களே." "ஒரு வாரம் காத்தாட வச்சாப் போயிருங்க மேடம்." "மேலுறையைக் கழட்டித் தொவைக்கலாமா? தண்ணி கிண்ணி பட்டா உள்ள எறங்குமா?" என்று சாந்தாமணி கேட்டாள். தேத்தண்ணி கொட்டிவிடுமோ என்று பயப்படுகிறாள் என நினைத்தான் தண்டபாணி. கல்யாணமான நாளிலிருந்து அவன் கட்டிலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பதும் அவள் சத்தம் போடுவதும் நின்றதே இல்லை.

அவளிடம் முதுகுவலி என்றுதான் சொல்லியிருக்கிறான். நரம்பு கொஞ்சம் தளர்ந்து போயிருக்குதாம், டாக்டர் விட்டமின் ஊசி எழுதிக் குடுத்திருக்காரு, தலைப்பக்கமும் கால்பக்கமும் தூக்கிக்கிற மாதிரி ஒரு கட்டில் வாங்கிக்கச் சொன்னாரு, அதுல படுத்தா சரியாயிரும். எவ்வளவு சுலபமாக வந்தது பொய். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள், சரிங்க என்றாள், சட்டியைக் கிளறப் போய்விட்டாள். போன வாரம் அவன் தனியாக வந்து இதே கடையில் கட்டிலைப் பார்த்து, இரட்டைக் கட்டிலாகவே சொல்லி, முன்பணமும் கொடுத்துவிட்டுப் போனான். "மெத்தைய மட்டும் நான் பாக்காம எடுக்காதீங்க" என்று அவள் சொன்னதால்தான் இன்றைக்கு இரண்டு பேருமாக வந்திருக்கிறார்கள். மோட்டார் நியூரான் வியாதி என்று டாக்டர் சொன்னபோது தண்டபாணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. கோயமுத்தூர்க்காரனிடமா மோட்டாரைப் பற்றிப் பேசுவது. ஊரெல்லாம் மோட்டார்தான், தண்ணீர் இறைக்கிற மோட்டார், மாவாட்டுகிற மோட்டார், அதற்கெல்லாம் கருகிப்போனால் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்ட ஆள் இருக்கிறது. என்ன தொழில் பண்றீங்க என்று டாக்டர் கேட்டார். சிங்காநல்லூரில் பேட்டரிக் கடை என்றான். அப்ப உங்களுக்குச் சட்டுனு புரியும் என்று அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பேட்டரி நல்லா இருக்கு, பல்பும் நல்லா இருக்கு, நடுவுல போற வொயர்தான் ஒண்ணொண்ணா அறுந்துட்டே வருது. "வொயரை மாத்திட்டாப் போச்சுங்க" என்று தண்டபாணி சொன்னான். வாய் தானாகச் சொன்னது, கடையில் தினமும் சொல்கிற பேச்சு. டாக்டர் மேஜைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். அந்தப் பேனா நேரானதைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பிறகு அவர் சொன்னதெல்லாம் அதற்கு உரை. முதலில் கை, கால். பிறகு எழுந்து நடப்பது. பிறகு நாக்கு, விழுங்குவது, மூச்சு. எவ்வளவு நாளில் என்று திட்டமாகச் சொல்ல முடியாது. ஒரே ஆறுதல் என்னன்னா, என்றார் டாக்டர், தொடு உணர்ச்சி போகாது, மூளை கடைசிவரைக்கும் தெளிவா இருக்கும். அதை ஆறுதல் என்று சொன்னார். பஸ் ஏறி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தண்டபாணி அந்த ஆறுதலை மென்றுகொண்டே வந்தான். இப்போதும் மென்றுகொண்டிருக்கிறான். ஈ வந்து உட்கார்ந்தால் தெரியும், ஓட்ட முடியாது. விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் அது விலாவில் கோடு போடுவது தெரியும், நகர முடியாது. நகர முடியவில்லை என்பதும் தெளிவாகத் தெரியும். அப்படியானால் மெத்தைதான் உலகம். இனிமேல் அவன் தெரிந்தெடுக்கக்கூடிய பெரிய விஷயம் இந்த அறையில் கிடக்கிற இந்த ரப்பர் பலகைகளில் ஒன்றுதான் என்று தோன்றியது.

"சாரோட வெய்ட் எவ்வளவுங்க?" என்று ஜெசிந்தா கேட்டாள். "எடைக்குத் தகுந்த மாதிரிதான் சாஃப்ட்டா, மீடியமா, கெட்டியான்னு பாக்கோணும்."

"எழுவத்திரெண்டு" என்றான் தண்டபாணி. அது தீபாவளிக்கு முன்னால் இருந்த எடை. இப்போது பேண்ட்டை பெல்ட் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"அப்ப மீடியம் கரெக்டா இருக்குங்க. எடை கம்மியா உள்ளவங்க, எலும்பு தெரியறவங்கதான் சாஃப்ட் எடுப்பாங்க."

எந்த எடைக்கு வாங்குவது. இங்கே மாட்டிக்கொண்டான். இன்றைக்கு நிற்கிற இந்த உடம்புக்கு மீடியம் சரி, ஒத்துக்கொள்ளலாம், ஆனால் மீடியத்தில் இந்த உடம்பு எத்தனை நாள் படுக்கப் போகிறது. இனி வரப்போகிறவன் வேறு ஆள். கன்னம் ஒட்டி, தோள்பட்டை எலும்பு துருத்தி, இடுப்பெலும்பு இரண்டும் மண்வெட்டி மாதிரி நிற்கப்போகிற அந்த ஆளுக்கு எது நல்லது என்று யாரிடம் கேட்பது. அந்த ஆளை இன்னும் யாரும் பார்த்ததில்லை, தண்டபாணி மட்டும் குளிக்கும்போது கண்ணாடியில் அங்கங்கே பார்க்கிறான், பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே குழி விழுந்துவிட்ட இடத்தில், முழங்காலுக்கு மேலே சதை வற்றிய இடத்தில். அந்த ஆளுக்காக சாஃப்ட் என்று சொன்னால், ஏனுங்க உங்களுக்கு சாஃப்ட்டு என்று சாந்தாமணி கேட்பாள். மீடியம் என்று சொன்னால் அந்த ஆள் பின்னால் கிடந்து தவிப்பான், வாயைத் திறந்து திட்டக்கூட முடியாது அவனால். தன் கடையில் எத்தனையோ பேருக்கு இவன் இன்வெர்ட்டர் பேட்டரி எடுத்துக் கொடுத்திருக்கிறான், இன்னைக்கு லோடைப் பாக்காதீங்க, நாளைக்கு ஏசி வாங்குவீங்க, ஃப்ரிட்ஜ் வரும், வரப்போற லோடுக்குத் தகுந்த மாதிரி எடுங்க என்று. வரப்போகிற லோடு. அந்தப் பேச்சை இப்போது தனக்கே சொல்லிப் பார்த்தான், நாக்கில் ஒட்டவில்லை. எல்லாம் கூடிக்கொண்டே போகும் என்று நம்புகிறவர்களுக்கான பேச்சு அது. குறைந்துகொண்டே போகிறவனுக்கு வியாபாரத்தில் ஒரு வார்த்தை கிடையாது. "இதுக்கு வாரண்டி பதினஞ்சு வருஷங்க, குழி விழாது, அப்படியே இருக்கும்" என்று ஜெசிந்தா சொன்னாள். மெத்தை அப்படியே இருக்கும். தண்டபாணி சரி என்று தலையசைத்தான், ரொம்ப மரியாதையாக.

"படுத்துப் பாருங்க சார், சும்மா கையில அழுத்திப் பாத்தாத் தெரியாது."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சாந்தாமணி பார்க்காத பக்கமாக இடது காலை வலது கையால் தூக்கி மேலே வைத்தான். ஒரு மாசமாக இந்த வித்தையில் தேர்ந்துவிட்டான். பேண்ட் மடிப்பைச் சரிசெய்வது போலக் கை கீழே போகும், காலை அள்ளிக்கொண்டு வரும், யாருக்கும் தெரியாது. படுத்தான். மெத்தை முதலில் விட்டுக்கொடுத்து, பிறகு இரண்டு கையிலும் வாங்கிக்கொள்வது போல் அடியிலிருந்து தாங்கியது. நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்பதே பயமாக இருந்தது. ஜெசிந்தா ரிமோட்டை அழுத்த, எங்கோ தூரத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடுகிற சத்தத்தோடு தலைப்பக்கம் மெல்ல எழும்பியது, முழங்கால்கள் மேலே வந்தன. அவன் எதுவும் செய்யவில்லை, அவனை யாரோ உட்காரவைத்தார்கள். பிறகு மறுபடி படுக்கவைத்தார்கள். எதிரே விட்டத்தில் வரிசையாகக் குழல்விளக்குகள், ஒன்றில் செத்த பூச்சிகள். "கொஞ்ச நேரம் அப்படியே இருங்க சார், அஞ்சு நிமிஷமாவது படுத்தாத்தான் உடம்பு சொல்லும்." சரி, இப்போதே ஒத்திகை பார்த்துவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. அசையக்கூடாது. விரலைக்கூட. கண்ணை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை, சும்மா படுத்திருப்பது போல்தான் இருந்தது, இதற்கா இவ்வளவு பயந்தோம் என்றுகூட நினைத்தான். பிறகு வலது குதிகாலில் ஆரம்பித்தது. அழுத்தம்கூட இல்லை, குதிகால் அங்கே இருக்கிறது என்ற தகவல், அவ்வளவுதான். அந்தத் தகவல் திரும்பத் திரும்ப வந்தது. கால் ஓர் அங்குலம் நகர்ந்தால் போதும். நகர்த்தவில்லை. பிறகு கழுத்தடியில் காலர் மடிந்திருப்பது தெரிந்தது. பிறகு மூக்கோரத்தில் ஓர் அரிப்பு, எறும்பு ஊர்வது போல, அது கன்னத்துக்கு இறங்கி, இமைக்கு ஏறி, உடம்பில் உள்ள உயிரெல்லாம் அந்த ஓர் இடத்துக்கு வந்து குவிந்து நின்று கூப்பாடு போட்டது. கெண்டைக்காலில் தோலுக்கு அடியில் அந்தப் புழு நெளிய ஆரம்பித்தது, தானாகத் துடிக்கிற சதை. அவன் சொல்லும்போது அசையாது, சொல்லாதபோது துள்ளும். சொறிந்துவிடலாம், இன்றைக்குக் கை இருக்கிறது, வலது கை நன்றாகவே இருக்கிறது. சொறியாமல் இருந்தான். எவ்வளவு நேரம் தாங்குகிறது பார்ப்போம். இவ்வளவுதானே, இதுதானே, இதையே நாள் முழுக்க, அடுத்த நாள் முழுக்க, யாராவது வந்து மூக்கைப் பார்த்து ஓ அரிக்குதா என்று கண்டுபிடிக்கிறவரை. மகள் மதுமிதா கைக்குழந்தையாக இருந்தபோது முதன்முதலாகக் குப்புற விழுந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. எதற்காக இப்போது வருகிறது அது. ஒரு காலைத் தூக்கி, இடுப்பை முறுக்கி, முகமெல்லாம் சிவக்க முக்கி முக்கி, தொப்பென்று கவிழ்ந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். வீடே கை தட்டியது. சாந்தாமணி ஓடிப்போய்க் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்தாள், அக்கம்பக்கமெல்லாம் கொடுத்தார்கள். புரண்டதற்காகக் கொழுக்கட்டை. இப்போது சேலத்தில் ஹாஸ்டலில் இருக்கிறாள், கம்ப்யூட்டர் படிக்கிறாள், அவளிடம் முதுகுவலி என்றுகூடச் சொல்லவில்லை. புரளாமல் போகிற நாளுக்கு என்ன பலகாரம் செய்வார்கள். கடைசியாகப் புரண்ட இரவு எது என்று யாருக்காவது தெரியுமா, அவனுக்கே தெரியாது, அன்றைக்கும் எப்போதும் போலத் திரும்பிப் படுத்திருப்பான், மறுநாள் முடியாமல் போயிருக்கும். முன்னாலேயே யாராவது சொன்னால் அன்றைக்கு விடியவிடியப் புரண்டுகொண்டே இருக்கலாம். வீட்டில் இருக்கிற பழைய கட்டிலில் சாந்தாமணி வலப்பக்கம், அவன் சுவரோரம். தூக்கத்தில் அவள் காலைத் தூக்கி அவன்மேல் போடுவாள், கனமான கால், கொலுசு இடுப்பில் குத்தும், எத்தனையோ நாள் எடுத்துத் தள்ளியிருக்கிறான். இரட்டைக் கட்டிலாக வாங்குவது அதற்காகத்தான். ஒற்றை என்றால் ஆஸ்பத்திரி. இரட்டை என்றால் வசதியான வீட்டில் வாங்குகிற சாமான், வருகிறவர்கள் பார்த்து ரிமோட்டை அழுத்தி விளையாடுவார்கள். அவள் பக்கத்தில் படுத்திருப்பாள். காலைப் போட்டால் தள்ள முடியாது. தள்ளவே வேண்டாம்.

"தூங்கிட்டாருங்களா?" என்று ஜெசிந்தாவின் குரல் மேலே கேட்டது.

"கண்ண மூடிட்டாரு. ராத்திரியெல்லாம் தூக்கமில்லீங்க அவருக்கு" என்றாள் சாந்தாமணி. கொஞ்சம் நகர்ந்து போனார்கள். ஆனால் தூரமாகப் போகவில்லை. "ஏனுங்க, இதே கட்டில் சிங்கிள்ல வருமா?"

"வருமேங்க. சார் டபுள்தான் சொல்லிருக்காரு. ரெண்டு தனி மெத்தை, நீங்க ஒரு பக்கம் அவரு ஒரு பக்கம், யாருக்கு வேணுமோ அவங்க மட்டும் தூக்கிக்கலாம்."

"இல்லீங்க. சிங்கிள்தான் ஆகும். ரெண்டு பக்கமும் ஆளு நிக்கோணும்."

பக்கத்துத் தடுப்பின் சிரிப்புச் சத்தம் மட்டும்.

"வீட்ல பெரியவங்க யாருக்காச்சுங்களா மேடம்?"

"அவருக்குத்தான்."

"பாத்தா நல்லா இருக்காரே."

"இப்ப நல்லா இருக்காரு" என்றாள் சாந்தாமணி. அவள் குரல் அரிசியில் கல் பொறுக்கும்போது பேசுகிற குரலாக இருந்தது. "நரம்பு வியாதிங்க. போகப்போகப் படுக்கைதான். நான் தனியாப் போயி டாக்டரைப் பாத்துட்டு வந்தேன். மெத்தை சாஃப்டாவே குடுங்க, மீடியம் வேண்டாம், எலும்பு குத்தும். அதுக்கு மேல காத்து மெத்தை விரிப்பாங்களே, முதுகு புண்ணாகாம இருக்க, அது விரிச்சா இது தாங்குமா?"

"தாங்குங்க." அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "சாருக்குத் தெரியுங்களா?"

"தெரியும். எனக்குத் தெரியும்ங்கறதுதான் அவருக்குத் தெரியாது. முதுகுவலின்னு சொல்லிருக்காரு. சொல்லிக்கட்டும். அதையாச்சும் வச்சுக்கட்டும் அவரு."

தண்டபாணி அசையவில்லை. இப்போது அது ஒத்திகையா, உண்மையா என்று அவனுக்கே தெரியவில்லை. இமைக்குள் செக்கச்செவேலென்று விளக்கு வெளிச்சம். அந்தச் செவ்வாய்க்கிழமை. கிணத்துக்கடவில் அக்கா பேத்திக்குக் காது குத்து என்று சொல்லிவிட்டுப் போனாளே, சாயந்திரம் வந்தபோது தலையில் பூ இல்லை, கையில் பலகாரப் பை இல்லை, கண் வீங்கியிருந்தது, பஸ்ஸில் காத்து என்றாள், அவன் ஆமாம் ஜன்னலோரம் உட்காராதே என்றான். அதே டாக்டர், அதே மேஜை, அதே பேனாவை அவளுக்கும் நேராக வைத்திருப்பார். அன்றைக்கு ராத்திரி தோசை சுட்டாள், இன்னொண்ணு வைக்கட்டுமா என்று கேட்டாள். அவளைக் காப்பாற்றுகிறோம் என்றல்லவா இத்தனை நாள் இருந்தான். கையில் இருந்த ஒரே வேலை அது. காலை அள்ளி வைப்பதும், தட்டை இடது கையில் வாங்காமல் இருப்பதும், சட்டைப் பொத்தானை அவள் வருவதற்குள் போட்டு முடிப்பதும் எல்லாம் அதற்காகத்தானே, அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவன் பொத்தான் போட்டு முடிக்கிறவரை அடுப்படியிலேயே நின்றிருக்கிறாள். எத்தனை தடவை பாத்திரம் உருட்டுகிற சத்தம் வேண்டுமென்றே கேட்டிருக்கிறது. திடீரென்று கோபம் வந்தது, சுடச்சுட, அவமானமா கோபமா என்று பிரிக்க முடியாத ஒன்று. சிங்கிள்தான் ஆகும் என்றாளே. எவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட்டாள். பக்கத்தில் படுக்கமாட்டாள். இத்தனை வருஷத்து இடத்தை ஒரு வார்த்தையில் காலி பண்ணிவிட்டாள். ரெண்டு பக்கமும் ஆளு. யார் அந்த ஆளு. ஒரு பக்கம் இவள், சரி, இன்னொரு பக்கம் யார், மதுமிதாவா, படிப்பை விட்டுவிட்டா, சம்பளத்துக்கு வருகிற முன்பின் தெரியாத ஒரு ஆளா. ஒருத்தர் தோளைப் பிடிப்பார், ஒருத்தர் இடுப்பைப் பிடிப்பார், ஒண்ணு ரெண்டு மூணு என்று சொல்லிப் புரட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழய்யா தன்வினை பிறவினை நடத்தினது எங்கிருந்தோ வந்து நின்றது. உருண்டான், உருட்டினான். திரும்பினான், திருப்பினான். புரண்டான், புரட்டினான். தானே செய்தால் தன்வினை, பிறரால் செய்விக்கப்பட்டால் பிறவினை, எங்கே தண்டபாணி, நீ ஒன்று சொல். அவன் எழுந்து நின்று நடுங்கிக்கொண்டு, நடந்தான் நடத்தினான் ஐயா என்றான். உட்கார். அவ்வளவுதான் வித்தியாசம், ஓர் எழுத்து மாறுகிறது, ஆள் அதே ஆள்தான். இரண்டு பெண்கள் அவன் தலைக்கு மேலே நின்று அவனைப் பற்றிப் பேசுகிறார்கள், அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கட்டை போலக் கிடக்கிறான், இதற்காக இனிக் காத்திருக்க வேண்டியதே இல்லை, இது ஆரம்பித்துவிட்டது, இந்தக் கடையில், இந்த மெத்தையில். கண்ணைத் திறந்தால் கேட்டுவிட்டேன் என்று தெரிந்துவிடும். திறக்காவிட்டால் இப்படியே. அவள் சொல்வது தப்பு என்று ஏதாவது ஒன்றைக் கண்டுபிடிக்க முயன்றான், அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடலாம். ஒன்றும் கிடைக்கவில்லை. சுவரோரம் இரட்டைக் கட்டில் கிடந்தால் யார் எந்தப் பக்கம் நின்று தூக்குவது, சாஃப்ட்தான் சரி, மீடியம் குத்தும், காற்று மெத்தையைப் பற்றி அவன் நினைத்தே பார்க்கவில்லை. அவன் பயந்துகொண்டிருந்த நேரமெல்லாம் அவள் யோசித்திருக்கிறாள். எங்கே உட்கார்ந்து யோசித்தாள். யாரிடம் கேட்டாள். யாரிடமும் இல்லை. பக்கத்தில் படுத்துக்கொண்டே, அவன் மேல் காலைப் போட்டுக்கொண்டே யோசித்திருக்கிறாள். அவள் கால் கொஞ்ச நாளாக மேலே விழுவதில்லை என்பது அப்போதுதான் அவனுக்குப் பட்டது. தூங்குகிறவள்தானே காலைப் போடுவாள்.

"ஏனுங்க" என்று சாந்தாமணி அவன் தோளைத் தொட்டாள். குரல் வேறாகிவிட்டது, வீட்டுக் குரல், கொஞ்சம் சலிப்பு கலந்த குரல். "கடையிலயே தூங்கிட்டீங்களா? எப்படி இருக்குது, சொல்லுங்க."

அவன் கண்ணைத் திறந்தான். அவள் முகம் தலைகீழாகத் தெரிந்தது, பொட்டு கொஞ்சம் தள்ளியிருந்தது. மூக்கோரத்தைச் சொறிந்துகொண்டான், வெகுநேரம், கண்ணில் தண்ணி வருகிறவரை.

"இதை விட மெத்துனு இருந்தாத் தேவலாம்" என்றான்.

சாந்தாமணி ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்புறம் டபுள் வேண்டாம்னு தோணுது. நம்ம ரூமு சின்னது. சிங்கிளாவே எடுத்துக்கலாம்." ரொம்பச் சாதாரணமாகச் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தான். அவள் முகம் ஒரு கணம் அப்படியே நின்றது. அடுப்பில் பால் பொங்கி வரும்போது நிற்கிற மாதிரி. பிறகு அவன் கழுத்தடியில் மடிந்திருந்த காலரை இழுத்துவிட்டாள். ஜெசிந்தா வேறெங்கோ பார்த்துக்கொண்டு ரிமோட்டை அழுத்தினாள், தலைப்பக்கம் எழும்பியது. எழுந்திருக்கும்போது இடது கையை ஊன்றினான், அது மடங்கிக்கொண்டது. சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டுவது போல சாந்தாமணியின் கை வந்து அக்குளுக்கு அடியில் கொடுத்துத் தூக்கியது. எப்படித் தூக்க வேண்டும் என்று அந்தக் கைக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது.

பில் போடுகிற மேஜைக்கு வந்தார்கள். ஜெசிந்தா சாஃப்ட், ஆறு அங்குலம், சிங்கிள் என்று கம்ப்யூட்டரில் அடித்தாள். "டெலிவரி எப்பங்க வச்சுக்கலாம்?"

"அவசரம் ஒண்ணுமில்லீங்க" என்றான் தண்டபாணி.

"நாளைக்கு" என்றாள் சாந்தாமணி.

இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே வந்துவிட்டன. ஜெசிந்தாவின் விரல் நின்றது. தண்டபாணி திரும்பிச் சாந்தாமணியைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். வழக்கமாகக் கீழே இறக்கிக்கொள்கிற கண்ணை இந்தத் தடவை இறக்கவில்லை. கேட்டுட்டுத்தான் கெடந்தீங்களா என்று அந்தக் கண் கேட்டது, ஆமாம் என்று அவன் கண் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அவள் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். விஷயம் வெளியே வந்துவிட்டால் என்னவோ நடக்கும் என்று இத்தனை நாள் பயந்திருந்தான், அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுவாள், தரையில் உட்கார்ந்துவிடுவாள், உலகம் ஒரு பக்கமாகச் சாயும் என்று. ஒன்றும் சாயவில்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. புதுமணத் தம்பதி மெத்தையைத் தீர்மானித்துவிட்டு நிறத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீ எங்க படுப்ப?" என்று தண்டபாணி கேட்டான். வேறு எவ்வளவோ கேட்டிருக்கலாம்.

"கீழ பாய் விரிச்சுக்குவேன். கட்டிலோட ஒட்டி." அவள் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள். "நீங்க கூப்புட்டாக் கேக்கோணுமில்ல."

கூப்பிட்டால். நாக்கும் போகும் என்று டாக்டர் அவளிடம் சொன்னாரா இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. சொல்லியிருப்பார். அதற்கும் இவள் ஏதாவது யோசித்து வைத்திருப்பாள், ஒரு மணியோ, விரலில் கட்டிய ஒரு கயிறோ, எதுவோ. விரலும் இல்லாத நாளுக்கு என்ன வைத்திருக்கிறாள் என்று கேட்கத் தோன்றியது. அதற்கு அவளிடம் பதில் இருக்காது என்பது அவள் நிற்கிற நிலையிலேயே தெரிந்தது. இரண்டு பேரும் யோசித்து யோசித்து வந்து முட்டி நின்ற சுவர் ஒன்றுதான் என்பது மட்டும்தான் இந்தக் கடையில் அவனுக்கு இன்றைக்குக் கிடைத்தது.

"சார்?" என்றாள் ஜெசிந்தா மெதுவாக.

"நாளைக்கே அனுப்பிருங்க" என்றான் தண்டபாணி.